பிரசங்க பீடத்தின் பின்சுவரில் ஓதம்: சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் கிராமத்தில் பழைய பாப்டிஸ்ட் சிற்றாலயம் இருக்கிறது. பிரசங்க பீடத்தின் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, தரைக்கு அடியில் உள்ள ஞானஸ்நானத் தொட்டியையும் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டால் சரியாகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்துங்கள்.

பாப்டிஸ்ட் ஆலயங்களில் பெரும்பாலும் பலிபீடத்துக்கென்று தனிப்பகுதி கிடையாது. நீள்சதுரக் கூடம், நடுநாயகமாகப் பிரசங்க பீடம், அதன் அடியிலோ முன்னாலோ முழுக்கு ஞானஸ்நானத் தொட்டி, அவ்வளவுதான். ஆகவே பீடத்துக்குப் பின்னால் நேரே வெளிச்சுவர். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த மனையில் அந்தச் சுவரை ஒட்டியே மேட்டு மண் நிற்கும். மழைதோறும் மண் சரிந்து சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துபோகும். முதலில் வெளியே போய் அதைப் பாருங்கள். மண்ணை உள்தரைக்கு ஒரு சாண் கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓட வாய்க்கால் வெட்டுங்கள். அடித்தளம் தெரியும்வரை தோண்ட வேண்டாம். ஜேசிபியும் வேண்டாம், மண்வெட்டி போதும். நீலகிரியில் அந்த இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

சுண்ணாம்புக் காரைச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியேற்றும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது, மழைக்கோட்டுக்குள் வேர்த்து நனைவதுபோலத்தான். ஈரம் போக வழியின்றி மேலே ஏறும். இடுப்பில் நின்ற ஓதம் தோளைத் தொடும். உப்பு பூத்துக் கல்லும் செங்கல்லும் பொடியாகும். முதல் வருடம் சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். இரண்டாம் வருடம் ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்க மாட்டார். எண்ணெய் பெயிண்ட், டைல்ஸ் இரண்டுக்கும் இதே கதிதான்.

சிமெண்டுக்கு ஒரே விதிவிலக்கு அந்தத் தொட்டி. தண்ணீரைத் தாங்குவதே அதன் வேலை என்பதால் அதன் உட்புறத்துக்கு மட்டும் நீர்க்கசிவு தடுக்கும் சிமெண்ட் பூச்சு கொடுக்கலாம். ஆனால் அது கசிகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். மழையில்லாத நாளில் தொட்டியை நிரப்பிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதிலும் கோடு போடுங்கள். வாளியில் குறைவது ஆவியானது. தொட்டியில் அதைவிட அதிகம் குறைந்தால் கசிவு. அப்போதும் பூச்சு தொட்டிச் சுவரோடு நிற்க வேண்டும், ஆலயச் சுவர்மேல் ஏறக் கூடாது. கசியாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். நிரப்புவது கூடவே கூடாது: அடியில் இருப்பதை மறைத்துவிட்டால் பிறகு எதையும் சோதிக்க முடியாது.

“நூறு வருடக் கட்டடம், தொல்லியல் துறை அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் வருவார். வயதால் மட்டும் எந்தக் கட்டடமும் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆவதில்லை. தொல்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழோ 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழோ அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தேவாலயங்களைப் புதுப்பிக்க அரசு தரும் நிதியுதவிக்குக் கமிஷன் கேட்பவரும் வருவார். அந்த விண்ணப்பத்தை நீங்களே கொடுக்கலாம். அலைக்கழிப்பார்கள், அலையுங்கள், கமிஷன் கொடுத்தவரும் அலைந்துகொண்டுதான் இருக்கிறார். எல்லாரையும்விட ஆபத்தானவர், பழைய மரத்தையும் கூரை ஓடுகளையும் “கழிவாக எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்கிறேன்” என்பவர். தேக்கு பெஞ்சு மரக்கடையில் என்ன விலை போகும் என்பது அவருக்குத் தெரியும்.

உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது. ஆகவே அதுவும் முடிந்தபின், அடுத்த பிப்ரவரியில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கி, நனைத்த சாக்கால் மூடி, மெல்ல உலரவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை சுவர் அப்படியே இருக்கட்டும், அவசரப்பட்டுச் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.