மருத்துவர் பதில்: வகுப்பில் வாய் திறக்காத மகள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது, யுகேஜி படிக்கிறாள். இந்தப் பள்ளியில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. ஆசிரியையிடம் இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. விருந்தினர் வந்தால் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். ஆனால் வீட்டில் நாங்கள் மட்டும் இருக்கும்போது தம்பியை உட்காரவைத்து டீச்சர் போலப் பாடம் நடத்துகிறாள். 'ஆட்டிசமா என்று பாருங்கள்' என்கிறது பள்ளி. 'இவள் அப்பாவும் சின்ன வயதில் வாயில்லாப் பூச்சிதான்' என்கிறார் என் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தம்பிக்குப் பாடம் நடத்துகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆசிரியை வகுப்பில் எப்படி நிற்கிறார், எப்படி அதட்டுகிறார் என்பதையெல்லாம் ஏழு மாதமாக அவள் கவனித்துவந்திருக்கிறாள். இன்னொருவராகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறாள். அந்த விளையாட்டில் தம்பியையும் சேர்த்துக்கொள்கிறாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு எளிதில் கைகூடாதது இதுதான். கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் என் மனம் ஆட்டிசத்தின் பக்கம் சாயவில்லை.

அமைதியான பிள்ளை என்றதும் ஆட்டிசம் நினைவுக்கு வருவதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அது. நம் அரசு அறிவிப்புகளிலும் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். பஸ்களின் எண்ணையும் வழித்தடத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான் ஒருவன். எதிரில் இருப்பவர் கேட்கிறாரா, சலித்துவிட்டாரா என்பது அவனுக்குத் தென்படாது. எவ்வளவு பேசுகிறது என்பதைவிட, பேச்சும் பார்வையும் சைகையும் இருவருக்கிடையே போய்வருகின்றனவா என்பதையே நாங்கள் பார்ப்போம்.

அவளுடைய ஒன்றரை வயதை நினைத்துப் பாருங்கள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியிருப்பீர்கள். நீங்கள் விரல் நீட்டிய திசையில் பார்த்தாளா? நாயையோ விமானத்தையோ கண்டால், தானே விரல் நீட்டி, 'நீயும் பார்த்தாயா' என்பதுபோல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாளா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாளா? பேச்சு வருவதற்கு முன்பே வரும் இந்தப் பகிர்தலுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். சொப்புச் சாமான் கொடுத்தால் சமைத்து உங்களுக்குப் பரிமாறினாளா, அல்லது எப்போதும் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தாளா என்பதும் முக்கியம்.

ஆட்டிசம் என்று முடிவு செய்ய இன்னொரு பக்கமும் வேண்டும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, பள்ளிக்குப் போகும் வழி மாறினால்கூடத் தாங்க முடியாமல் துடிப்பது, மிக்ஸி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, ஒரே பொருளில் மட்டும் அளவுகடந்த ஈடுபாடு போன்றவை. ஒன்றிரண்டு எந்தக் குழந்தையிடமும் இருக்கும். பலவும் சேர்ந்து, சின்ன வயதிலிருந்தே, வீட்டிலும் வெளியிலும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பெண் குழந்தைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்து இதை மறைத்துவிடுவதும் உண்டு. பாடம் நடத்தும் விளையாட்டு நாளுக்கு நாள் மாறுகிறதா, தம்பி குறுக்கே பேசினால் அதற்கேற்ப வளைந்துகொடுக்கிறாளா என்று கவனியுங்கள்.

அதற்காக, உங்கள் மாமியார் சொல்வதுபோல விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. கூச்சமுள்ள பிள்ளை சில வாரங்களில் மெல்லப் பழகி, ஒரு தோழியிடமாவது கிசுகிசுக்கும். வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தால், அதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். அது பிடிவாதம் அல்ல. பயத்தில் குரல் எழும்பாமல் போகிறது. ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரலாம், தனியாகவும் வரலாம். சீக்கிரம் கவனித்தால் நன்றாகவே குறையும்.

தயவுசெய்து 'ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு' என்று பிறர் முன்னால் வற்புறுத்தாதீர்கள், பேசினால் சாக்லேட் என்று பேரமும் வேண்டாம். இப்போதைக்குத் தலையசைப்பையும் விரல் காட்டுவதையும் பதிலாக ஏற்கும்படி ஆசிரியையிடம் சொல்லுங்கள். பள்ளி விட்டபின், அவர் அனுமதியோடு, காலியான வகுப்பறையில் நீங்களும் அவளும் மட்டும் கொஞ்ச நேரம் விளையாடுங்கள். அந்த அறையில் அவள் குரல் ஒலித்துப் பழகட்டும். பிறகு ஒரு தோழி, சில நாள் கழித்து வாசலருகே ஆசிரியை என்று ஒவ்வொருவராகச் சேர்க்கலாம்.

இதோடு குழந்தைநல மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உங்களிடம் விரிவாகக் கேட்டும், குழந்தையோடு விளையாடிக் கவனித்தும்தான் சொல்ல முடியும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் 18 வயது வரை இதைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். அங்கேயும் அவள் பேச மாட்டாள். அதனால் தம்பிக்குப் பாடம் நடத்தும்போது அவளுக்குத் தெரியாமல் கைப்பேசியில் ஐந்து நிமிடம் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.