எதுவரைக்கும் என்று கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஜெபிக்கிறோம், ஆனால் ஆண்டவர்மேல் நம்பிக்கை ஆழமாகிற மாதிரித் தெரியவில்லை. எல்லாக் கடிதத்துக்கும் இடமில்லை, ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் கட்டாயப் படைச் சேவையை அறிவித்ததும் என் மகன் தாய்லாந்துக்குப் போய்விட்டான் அக்கா. மே சோட் பக்கம் வேலை செய்கிறான். சில வாரம் போன் வரும், சில வாரம் வராது. வராத நாளில் ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே, என் பிள்ளை" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. சபையில் ஒரு சகோதரி, கவலைப்படுவதே அவிசுவாசம், எல்லாம் நன்றாக நடக்கும் என்று வாயால் தைரியமாக அறிக்கை செய்யுங்கள் என்கிறார். நான் அவிசுவாசியா? – ஒரு தாய், ரங்கூன்

பதில்: இல்லை அம்மா. அந்தச் சகோதரி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு உங்களை நீங்களே குற்றப்படுத்த வேண்டாம். வேதத்தில் வருகிற அன்னாளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்காக அழுது அழுது ஜெபித்தவள், உதடுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். தேவாலயத்தில் இருந்தவனுக்குப் புரியாத ஜெபம் ஆண்டவருக்குப் புரிந்தது. நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதியதும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். "ஆண்டவரே, என் பிள்ளை" என்பது முழு ஜெபம். அதற்கு மேல் நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனாலும் பயம் நெஞ்சை அடைக்கிற ராத்திரியில் சொல்ல ஏதாவது வேண்டும்தானே, அப்போது 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிடுகிறான், கர்த்தாவே என்னை மறந்துவிட்டீரா என்கிற அளவுக்கு நேராகக் கேட்கிறான், அதற்காக அவனை யாரும் கண்டிக்கவில்லை, அந்த வார்த்தைகளை வேதத்திலேயே வைத்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதே சங்கீதத்தின் முடிவில் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று அவனால் சொல்ல முடிந்தது. முதலில் உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டுத்தான் அங்கே வந்து சேர்ந்தான். பயத்தை மறைத்துவிட்டு அறிக்கை செய்தால் ஆண்டவரோடு பேசுவதை விட்டுவிட்டு நமக்கு நாமே பேசிக்கொள்கிறவர்களாகிவிடுவோம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. உங்கள் தெருவிலேயே பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத் தூங்காமல் கிடக்கிற தாய் கட்டாயம் இருப்பார், அவர் பர்மியப் பௌத்தராகக்கூட இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு வாங்கி, உங்கள் மகனின் பெயரோடு சேர்த்து தினமும் சொல்லுங்கள். அப்புறம், மகனின் போன் வரும்போது ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. வருஷம் முழுக்க நன்மைதான் என்று நம்பினேன். மார்ச்சில் வேலை போய்விட்டது, இன்னும் கிடைக்கவில்லை. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா? – தம்பி ஒருவர், பெகு

பதில்: இரண்டும் இல்லை தம்பி, ஆனால் அந்த அட்டையில் ஒரு வசனம்தான் இருக்கிறது, நீங்கள் முழு அதிகாரத்தையும் படிக்க வேண்டும். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே அனனியா என்று ஒருவன் எழுந்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் வைத்துச் சொல்கிறான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. அந்த எழுபது 10-ஆம் வசனத்தில் இருக்கிறது, உங்கள் அட்டையில் உள்ளதற்குச் சரியாக ஒரு வசனம் முன்னால். கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான், உங்கள்மேல் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்று கர்த்தர் சொன்னார்.

அதுவரைக்கும் என்ன செய்யச் சொல்கிறார் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிற பகுதி. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறுங்கள், உங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். நம் கதையும் ஏறக்குறைய அதுதானே. 1964-ல் இங்கே கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிய தமிழர்கள் எத்தனையோ பேர். நாம் இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அடுத்த வருஷமே சபைப் பள்ளிக்கூடங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அதற்குப் பிறகும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடவில்லை, சின்ன வியாபாரமோ கூலி வேலையோ கிடைத்ததைச் செய்தார்கள். எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு யாரும் அட்டை எழுதிக் கொடுக்கவில்லை.

அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதைக் கர்த்தரிடம் வாங்கிய ரசீது மாதிரி நீட்டி வருஷக் கடைசியில் கணக்குக் கேட்டால் நம்பிக்கை உடைந்துதான் போகும். இப்போது உங்களுக்கு என் ஆலோசனை: வேலை தேடுவதைக் காலையில் ஜெபித்துவிட்டுத் தொடங்குங்கள், வேலை போய்விட்டதைச் சபை மூப்பர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சகோதரனுக்கு ஆகாரம் இல்லாதபோது குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்பது சபையைப் பார்த்துத்தான். உங்களுக்கு உதவ அவர்களுக்கும் ஒரு வாய்ப்பைக் கொடுங்கள்.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். எனக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. ஆண்டவர் இருக்கிறார் என்று தெரியும், பக்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. – ஒரு சகோதரி, மோல்மீன்

பதில்: நீங்கள் மோல்மீனிலிருந்து எழுதியிருப்பதால் உங்கள் ஊர்க் காட்டில் நடந்ததையே சொல்கிறேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார். அப்புறம் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம், அன்றைய தலைநகர் ஆவாவில் சிறை. வெளியே வந்த கொஞ்ச காலத்தில், 1826-ல், மனைவி ஆன் இப்போது சாய்க்கமி என்கிற ஆம்ஹெர்ஸ்டில் இறந்தார். அடுத்த வருஷம் குழந்தையும் போனது. அந்த மனிதர் மோல்மீன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்தார், தனக்குக் குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 1829-ல் அவர் எழுதிய கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாதவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்கிற கருத்தில் எழுதியிருக்கிறார். நீங்கள் எனக்கு எழுதியதும் அதேதான். அவர் 1834-ல் பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார், இன்றைக்கும் இந்த நாட்டுச் சபைகள் அதை வாசிக்கின்றன.

எல்லாருக்கும் துக்கம் இப்படி முடிந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். சங்கீதம் 88 கடைசி வரி வரைக்கும் ஆறுதல் இல்லாமலே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். கூட்டத்தில் உங்களுக்கு அழுகை வரவில்லை என்றால் வரவைக்க முயற்சி செய்யாதீர்கள். வீட்டில் ஒரு நேரம் வையுங்கள், பத்து நிமிஷம் போதும், கரண்ட் இல்லாத நேரமாகவே இருக்கட்டும். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள், எழுந்து உங்கள் வேலைக்குப் போங்கள். ஏதாவது உணர்ந்தேனா என்று அளந்து பார்க்க வேண்டாம். அதோடு, தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்கிற நினைவு வருகிறது என்றால் உடனே வீட்டில் சொல்லி டாக்டரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தூதன் முதலில் அப்பமும் தண்ணீரும்தான் கொண்டுவந்தான்.

கேள்வி: மாண்டலே பூகம்பம் விக்கிரக ஆராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று எங்கள் உறவினர் வீடு வீடாகச் சொல்கிறார். அப்படித்தானா? – ரங்கூன் வாசகர்

பதில்: அவர் அப்படிச் சொல்வதை நிறுத்த வேண்டும். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம், சகாய்ங் என்கிற நிலப்பிளவில் ரிக்டர் கணக்கு மாதிரியான அளவில் 7.7 ஆகப் பூமி நகர்ந்தது. ரம்ஜான் மாதத் தொழுகைக்குப் போயிருந்தவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே இறந்தார்கள், விகாரைகள் விழுந்தன, தேவாலயங்களும் சேதமாயின. இதே கேள்விக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார், லூக்கா 13-ஆம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று தம் வாயாலேயே சொன்னார். மனந்திரும்புங்கள் என்று அவர் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். கூரை இல்லாமல் இருக்கிறவனுக்குத் தகரம் வாங்க உறவினர் என்ன கொடுத்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் ஞாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் போனால் மனம் நிறைந்து செபிக்கிறேன். வீட்டில், பஸ்ஸில் செபமாலை சொன்னால் பாதியில் கவனம் எங்கோ போய்விடுகிறது. அந்தச் செபம் கணக்கில் சேருமா? – கத்தோலிக்க வாசகி, ரங்கூன்

பதில்: சேரும். திருவிழாவில் கூட்டமும் பாட்டும் உங்களைத் தூக்கி நிறுத்துகின்றன, பஸ்ஸில் நீங்களே நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் ஆண்டவர் அங்கே குறைந்துவிடவில்லை. கவனம் அரிசி விலைக்குப் போனால் அரிசி விலையையே அவரிடம் சொல்லிவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடருங்கள். எந்த மணி என்று மறந்துபோனால் கையில் எது இருக்கிறதோ அதிலிருந்து.