1763இல் பிரிட்டன் கனடாவை விட்டுவிட்டு குவாதலூப் தீவை எடுத்திருந்தால் அமெரிக்கா பிறந்திருக்குமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கு இந்தக் கவலை? இதே கேள்விக்கு ஒருமுறை மேடையேறி மூக்குடைபட்டவன் நான்.

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மாதிரி சமாதான மாநாடு. பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரை 1763இல் முடித்த பாரிஸ் உடன்படிக்கைதான் தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு பிரிட்டிஷ் பிரதமர் பியூட் பிரபு வேடம். எதிரே பிரெஞ்சு அமைச்சர் ஷ்வாசல். பிரான்சிடமிருந்து 1759இல் பிடித்த கரீபியத் தீவு குவாதலூப், 1760இல் மான்ட்ரியலோடு விழுந்த கனடா, இரண்டும் என் கையில். எதையாவது திருப்பிக் கொடுத்தால்தான் சமாதானம். நான் எழுந்து, "கனடாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைத் தீவு எங்களுக்கு" என்றேன்.

நிஜ உடன்படிக்கையில் நடந்தது இதற்குத் தலைகீழ். அரங்கமே சிரித்தது. நடுவர் மைக்கிலேயே, "தம்பி, வரலாற்றில் 'இருந்தால்' கிடையாது, உட்காருங்க" என்றார்.

நான் ஒன்றும் கதை விடவில்லை ஐயா. லண்டனில் அப்போது துண்டுப் பிரசுரம் போட்டு அடித்துக்கொண்டதே இதற்காகத்தான். கனடாவில் பனியும் பீவர் என்கிற நீர்ப்பிராணியின் தோலும், குவாதலூப்பில் சர்க்கரை. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து லண்டன் வந்திருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1760இல் கனடா பக்கம் நின்று எழுதினார். பக்கத்தில் பிரெஞ்சுப் பயம் போனதும் அமெரிக்கக் குடியேறிகள் பிரிட்டனை விட்டுப் பிரிந்து போய்விட்டால்? அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, கொடுங்கோன்மை செய்தாலொழிய சேரமாட்டார்கள் என்று சமாதானம் சொன்னார். பதினாறு வருஷம் கழித்து சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்! இதைச் சொல்வதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இன்னொரு கூத்து, குவாதலூப் வேண்டாம் என்றதில் பிரிட்டிஷ் சர்க்கரைத் தோட்ட முதலாளிகளும் உண்டு. புதுச் சரக்கு வந்தால் விலை விழுமே!

சரி, உங்கள் கேள்வி. பிறந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுப் பட்டாளம் உட்கார்ந்திருந்தால் பாஸ்டன்காரர்களுக்கு ராஜாவின் சிப்பாய் தேவைப்பட்டிருப்பான். 1765இல் குடியேறிகளின் பத்திரம், செய்தித்தாள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரி அந்தச் சிப்பாய்ச் செலவுக்குத்தானே? முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பார்கள். ஆனால் மேற்கே இருந்த ஒஹாயோ நிலத்தின் மேல் வைத்த கண்ணை எடுத்திருக்க மாட்டார்கள். 1754இல் சண்டை மூண்டதே அங்கேதான். இன்னொரு போர் வந்து கனடா மறுபடி கைமாறியிருக்கும் என்பது என் கணக்கு.

சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான் பேராசிரியர் இல்லை. தீவைக் கேட்டதால் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றும் சொல்லாதீர்கள். அந்தக் கரும்பை வெட்டிய ஆப்பிரிக்கர்களையோ கனடாவின் பூர்வகுடிகளையோ பாரிஸில் எவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரியும்.

எங்கள் ஊரையும் கேட்கவில்லை. நான் புதுச்சேரிக்காரன். 1761இல் பிரிட்டிஷார் பிடித்து இடித்துத் தள்ளிய புதுச்சேரி, பிரான்சுக்குத் திரும்பியது இதே உடன்படிக்கையில்தான். தமிழ்நாட்டில் நடந்த மாநாட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடப்புத்தகத்தை ஒப்பித்த அணிக்குக் கோப்பை. அதுகூடப் போகட்டும். பஸ் கட்டணம் தருகிறோம் என்று போகவர எடுத்த டிக்கெட் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் ஆச்சு, ஒரு பைசா வரவில்லை.