மாலையில் பாருங்கள் தம்பி, காலையில் பார்த்தால் சாட்டுத்தான் வரும்

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு விநியோக ஸ்டோருக்கு லொறி ஓட்டுகிறேன். பிஸ்கட், சோடா, பால்மா ஏற்றிக்கொண்டு கல்லடியில் இருந்து அக்கரைப்பற்று வரை கடைகளுக்குப் போடுவேன், கிழமையில் இரண்டு நாள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வேலைக்கு வந்து நாலு மாதம். போக முதலும் வந்த பிறகும் லொறியைப் பார்த்துச் சரி போட்டுக் கையெழுத்து வைக்க ஒரு செக்லிஸ்ட் தாள் தந்திருக்கிறார்கள். மற்ற டிரைவர்மார் சீட்டில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் சரி போடுகிறார்கள், நான் சுற்றிப் பார்த்தால் சிரிக்கிறார்கள். இப்போது பிரேக் போட்டால் லொறி இடது பக்கம் இழுக்கிறது. முதலாளியிடம் இரண்டு தரம் சொன்னேன், "இந்தக் கிழமை ஓட்டு, பார்ப்பம்" என்கிறார். அந்தத் தாளில் நான் என்ன போடுவது? வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, முதலில் கேட்டதற்குப் பதில். பிரேக் என்ற இடத்தில் சரி போட வேண்டாம். "பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது" என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதி, திகதியும் மீட்டரில் ஓடியிருக்கிற கிலோமீட்டரும் போட்டு, போனில் ஒரு படம் எடுத்து முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாயால் சொன்னது ஸ்டோர் வாசலோடு போய்விடும். நாளைக்கு ஏதும் நடந்து பொலிஸ் வந்தால் முதலில் உங்கள் லைசன்சைத்தான் கேட்பார்கள், அந்த நேரத்தில் "இரண்டு தரம் சொன்னேன் ஐயா" என்பதற்குச் சாட்சி யார்? நீங்களே சரி போட்டுக் கொடுத்த தாள் உங்களுக்கு எதிராகப் பேசும்.

இழுக்கிற விசயத்துக்கு வருவோம். இடது பக்கம் இழுத்தால் பழுதும் இடதில்தான் என்று நினைத்து இடதையே நோண்டிக்கொண்டிருப்பார்கள், வலது பக்கச் சில்லு பிடிக்காமல் விட்டாலும் லொறி இடதுக்குத்தான் போகும். பிரேக் ஒயில் கசிந்து, சில்லை உரசிப் பிடிக்கிற லைனரில் பட்டிருந்தால் அந்தப் பக்கம் வழுக்கும், மற்றப் பக்கம் பிடிக்கும், அவ்வளவுதான். நாம் ஓடுவது றோட்டின் இடது பக்கம். இடதுக்கு இழுக்கிற லொறி போய் நிற்பது நடந்து போகிறவர்களுக்குள், சைக்கிள்காரருக்குள். காத்தான்குடிச் சந்தியில் மஃரிப் நேரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு நாளும் அதற்குள்ளால் வருகிறவர் நீங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத வருவதற்கு முன் நான் பதினொரு வருடம் லொறி ஓட்டியவன். செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்கு அரிசி கொண்டு போவோம். ஒருநாள் பின்னேரம் பதுளையில் மூட்டை இறக்கிவிட்டுச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினேன். பின் வலது உள் டயரின் உட்பக்கத்தில், சில்லுக்குக் கீழே, கையகலத்துக்கு ஈரம். அன்று வழியெல்லாம் மழை, அந்தத் தண்ணிதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தண்ணி விரலில் நிற்காது, பிரேக் ஒயில் வழுவழு என்று ஒட்டும். விடிய அந்த ஈரம் அப்படியே இருந்தது, மற்ற மூன்று பக்கமும் காய்ந்திருந்தது, அதையும் கண்டேன், ஆனால் திரும்பிப் போகிற வழியில் ஒருவர் சாமான் ஏற்றக் காத்திருக்கிறார், நேரம் ஆறு மணி, கிளீனர் பொடியன் ஏறிவிட்டான். எடுத்துவிட்டேன். லுணுகலை இறக்கத்தில் பெடல் தரைவரை போனது. கியரைக் குறைத்துக் குறைத்துத் தேயிலை மேட்டில் கொண்டுபோய்ச் சாத்தினேன். பொடியனுக்குக் கை முறிந்தது. அவன் தாய் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் ஏசவில்லை, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அந்த ஈரத்தைக் கண்டது மாலையில். அப்போது எனக்கு ஒரு இரவு முழுக்க நேரம் இருந்தது, கராஜ் பாஸை, அதாவது மெக்கானிக்கை, கூப்பிட்டிருக்கலாம். காலையில் எனக்கு நேரமே இல்லை, சாட்டு மட்டும்தான் இருந்தது. அதனால் பழகுகிற பொடியன்களுக்கெல்லாம் நான் சொல்வது, பெரிய பரிசோதனையை வந்த பிறகு செய்யுங்கள், காலையில் சின்னதைச் செய்யுங்கள். பெரும்பாலான ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், மாலையில் திறப்பைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். காலையில் சாமான் ஏற்றியாயிற்று, கல்முனைக் கடைக்காரர் போன் எடுக்கிறார், அந்த நேரத்தில் கண்ணில் படுகிற எந்தப் பழுதையும் மனம் சின்னதாக்கிவிடும்.

மாலையில் லொறியை நிறுத்தியவுடன், சூடு ஆறுவதற்கு முதல், நாலு சில்லுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சில்லு மட்டும் மற்றதைவிட அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. இதைக் காலையில் கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாம் குளிர்ந்து கிடக்கும். உங்களுடையது பின்னுக்கு ரெட்டை டயர் என்றால் இரண்டுக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரைக் கிரவல் றோட்டில் ஓடுகிற லொறிக்குக் கல் அங்கேதான் சிக்கும், அடுத்த நாள் சூட்டோடு உரசி டயரைத் தின்னும். சில்லு நட்டைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருந்தால் அந்த நட்டு இளகுகிறது. டயரின் காடிக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம், மாரியில் அந்த டயரோடு ஓடுவது தண்ணியில் சறுக்கு விளையாடுவது மாதிரி.

மறுகா ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையை விரித்து எஞ்சினுக்குக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் ஸ்டோரில் மட்டைக்கா பஞ்சம்? விடிய வந்து அந்த மட்டையைப் பார்த்தால் இரவு முழுக்க லொறி என்ன சிந்தியது என்று தெரியும். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில், பச்சை அல்லது சிவப்புத் தண்ணி என்றால் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருந்து வருகிற கூலண்ட், நிறம் குறைந்த வழுவழுப்பு என்றால் பிரேக் பக்கம் சந்தேகப்படுங்கள்.

காலை வேலை பத்து நிமிசம். எஞ்சின் எடுக்க முதல் ஒயில் குச்சி, ரேடியேட்டர் தண்ணி (சூட்டில் மூடியைத் திறக்கவே வேண்டாம்), பிரேக் ஒயில் அளவு. டயர் காற்றையும் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும், ஓடிய டயரில் காற்று கூடத்தான் காட்டும். பிறகு எஞ்சின் நிற்கையில் பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து, காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நின்றால், மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் வேலை செய்கிறது. அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்லத் தரைக்கே போனால் அன்றைக்கு லொறி வாசலைத் தாண்டக் கூடாது. தனி ஆளாக நின்று பிரேக் லைட் பார்க்க வழியில்லை என்பார்கள், ஸ்டோர் சுவரை ஒட்டிப் பின்னுக்கு எடுத்துவிட்டு மிதியுங்கள், கண்ணாடியில் சுவர் இரண்டு பக்கமும் சிவக்கிறதா என்று தெரியும். லைட்டை லேசாக எடுக்காதீர்கள். கிரான், வாகனேரிப் பக்கம் இரவில் மாடு றோட்டிலேயே படுத்திருக்கும், நீங்கள் சடாரென்று பிடித்தால் பின்னால் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு ஒன்றுதான் செய்தி.

மாரி மாதங்களில், தண்ணிக்குள்ளால் எடுத்து வந்தால், கரையேறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்துக் காய வையுங்கள். றோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணி ஓடினால் இறங்கவே வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிய டிராக்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை அம்பாறை மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

சிரிக்கிறவர்களைப் பற்றி. வருடத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனையும் ஃபிட்னஸ் என்ற வாகனத் தகுதிச் சான்றிதழும் எடுத்திருக்கிறது, அது போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அது அந்த ஒரு நாளைக்கான சான்றிதழ், அடுத்த நாள் பிரேக்குக்குள் கசிகிற ரப்பரை அது பார்க்காது. இங்கிலாந்தில் லொறி டிரைவர் ஒவ்வொரு நாளும் லொறியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும், பழுது எழுதின தாளைக் கம்பெனி 15 மாதம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நாள் முடிவில்தான் டிரைவர் பழுதை எழுதிக் கொடுப்பார், அடுத்து அந்த லொறியில் ஏறுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். சரக்கு லொறிகளுக்குப் பழுது இல்லாத நாளில் அந்தத் தாளே தேவையில்லை என்று 2014இல் வீண் எழுத்து வேலையைக் குறைத்துவிட்டார்கள். அதாவது அங்கே பெறுமதியானது பழுது எழுதின தாள். சரி போட்டுச் சரி போட்டுக் கட்டுக் கட்டாகச் சேர்க்கிற தாள் இல்லை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? சண்டை வேண்டாம். "பார்ப்பம்" என்று அவர் சொல்வதற்குப் பெரும்பாலும் காசு காரணமில்லை, லொறி ஒரு நாள் நிற்குமே என்ற பயம்தான். அதனால் வழியையும் நீங்களே கொண்டுபோங்கள். "இன்றைக்கு நாலரைக்கு வந்துவிடுவேன், நானே கராஜில் விட்டுப் பக்கத்தில் இருந்து செய்வித்துக்கொண்டு வாறன், காலையில் லொறி இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இதற்குத் தலையாட்டிவிடுவார்கள். அப்படியும் மறுத்தால், பிரேக், ஸ்டியரிங், கம்பி தெரிகிற டயர், இந்த மூன்றோடும் ஓட மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஹோன் கரகரக்கிறது, கதவுக் கண்ணாடி ஏறவில்லை என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடலாம். வேலை போகும் பயம் எனக்குப் புரிகிறது, வீட்டில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிறது. டிரைவருக்கு இந்தக் கரையில் இன்னொரு வேலை கிடைக்கும். ஒரு பிள்ளையை அடித்துப் போட்ட பெயரோடு எந்த ஸ்டோருக்குப் போய் நிற்பீர்கள்?

இதை வாசிக்கிற அன்றே, கடைசிக் கடை முடிந்து ஸ்டோருக்கு வந்ததும், வலது பக்க முன் சில்லுக்கு உள்ளே டோர்ச் அடியுங்கள். ஈரம் கண்டால், சூடு ஆறியதும் விரலால் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் அப்போதே படம் எடுத்து அனுப்பிவிட்டு, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளிக்குப் போன் எடுங்கள்.