மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது? – கேள்வி பதில்

மரங்களும் புதர்ச்செடிகளும் எப்படி வாழ்கின்றன என்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, உயரமான மரத்தின் உச்சி இலைக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது? வேர் பம்பு மாதிரி மேலே தள்ளுகிறதா?

வேர் தள்ளுவது கொஞ்சம்தான். இழுப்பது இலை. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிப் போகும்போது பின்னால் இருக்கும் நீர் அந்த இடத்துக்கு இழுபடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. அதனால் இலையிலிருந்து வேர் நுனி வரை நீர் ஒரே கயிறாக விறைத்து நிற்கிறது. 1894-இல் அயர்லாந்து அறிஞர்கள் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. குழாய் வைத்து எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது, ஏனென்றால் அங்கே தள்ளிவிடுவது காற்றழுத்தம். மரம் காற்றழுத்தத்தை நம்பி இல்லை. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் மிக உயரமானது சுமார் 115 மீட்டர். அதன் உச்சிக்கும் இப்படித்தான் நீர் போகிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. கடும் வறட்சியில் இழுப்பு அதிகமாகி, மரத்தின் நீர்க்குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் அந்த நீர்க்கயிறு அறுந்துபோகும். பல குழாய்கள் இப்படி அறுந்தால் கிளை காய்கிறது. பூக்கிளையை வெட்டி ஜாடியில் வைப்பவர்கள், அதன் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் பிடித்தபடி இன்னொரு முறை வெட்டிப் பாருங்கள். உள்ளே போன காற்று வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும், கிளை வாடாமல் கூடுதல் நாள் நிற்கும்.

கேள்வி: வெயில் காலம் வந்ததும் மரம் மொட்டையாகிவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சிறு கிளை ஒன்றில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிரோடு இருக்கிறது. இலைதான் நீரை வெளியே விடும் வாசல், தண்ணீர் குறையும்போது மரம் வாசலையே எடுத்துவிடுகிறது. சும்மா உதறிவிடுவதும் இல்லை. இலையிலிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் அமைத்த பிறகுதான் உதிர்க்கிறது. விழுந்த இடத்தில் இருக்கும் தழும்பைப் பாருங்கள், அதற்கு மேலேயே அடுத்த மொட்டு காத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை, எல்லோருக்கும்: மரம் வாடுகிறதே என்று அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடு கட்டாதீர்கள். வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

கேள்வி: அரளி மட்டும் எந்த வெயிலிலும் பச்சையாக நிற்கிறதே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த செடியைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள் (பால் கையில் படாமல், அது நஞ்சு). வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தெரியும், ஒவ்வொரு குழி வாயிலும் வெள்ளை மயிர்கள். இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. வெளியே சூடான காற்று வீசினாலும் குழிக்குள் ஈரக்காற்று தங்கும், அதனால் நீர் இழப்பு குறைகிறது. மேல்பக்கத்தில் தடித்த மெழுகுத் தோல். எருக்கு வேறு வழியில் போகிறது: இலை முழுக்க வெள்ளைப் பொடி போன்ற பூச்சு. கருவேலம் இலையையே பொடிப்பொடியாகச் சிறுத்துவிட்டது. வெயில் ஒன்றுதான், ஒவ்வொன்றும் கண்டுபிடித்த வழி வேறு.

கேள்வி: அண்ணா, பழைய மரம் ஒன்றில் பெரிய பொந்து விழுந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் வைத்து அடைக்கலாமா? இல்லை, உள்ளே செத்துவிட்டதால் வெட்டிவிட வேண்டியதுதானா?

இரண்டும் வேண்டாம். மரத்தின் உயிர் நடுவில் இல்லை. பட்டைக்கு உள்ளே புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு, அதற்கு வெளியே உணவு கொண்டுபோகும் ஃபுளோயம், உள்ளே நீர் ஏறும் சில வளையங்கள், அப்புறம் இலையும் வேர் நுனியும். நடுவில் இருக்கும் வைரம் பெரும்பாலும் முன்பே இறந்துவிட்ட கட்டை. அது உளுத்துப் போனாலும் மரம் வாழும்.

விழுந்துவிடாதா என்பீர்கள். உருளையின் வளையும் வலு அதன் வெளிப்பகுதியில்தான் அதிகம். விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவில் பொந்து இருந்தால் குறையும் விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான். 70 சதவீதம் போனால் குறைவது சுமார் கால் பங்கு. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, வேரே அழுகியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரில் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

சுரண்டுவதுதான் பெரிய கெடுதல். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தவர். காயம்பட்ட மரம் உள்ளே தடுப்புச் சுவர்களை எழுப்புகிறது என்று 1977-இல் விளக்கினார். அவற்றில் மிக வலுவானது, காயத்துக்குப் பிறகு வளரும் புதுக் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவில் அமைவது. நீங்கள் சுரண்டும்போது அந்தச் சுவரை உடைக்கிறீர்கள். அப்புறம் சிமெண்ட்: மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது, இடுக்கில் ஈரம் தங்கும்.

கேள்வி: இருபது வருடமாக வெட்டிய கிளையில் தார் பூசுகிறேன். எல்லாக் காயமும் ஆறியிருக்கிறது. அப்படியானால் நான் செய்தது வீணா?

மூடியது தார் இல்லை, மரம். அதுவும் மூடியதுதான், ஆறியது இல்லை. அடுத்த முறை ஒரே மரத்தில் இரண்டு கிளை வெட்டினால் ஒன்றில் பூசாமல் விட்டுப் பாருங்கள். பூச்சு உளுப்பைத் தடுக்காது, பல நேரம் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். முக்கியம் எங்கே வெட்டுகிறீர்கள் என்பதுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டுங்கள், தண்டோடு ஒட்டி வழிக்காதீர்கள், நீட்டமாகத் துண்டு விட்டும் வெட்டாதீர்கள்.

கேள்வி: காயத்தின் ஓரத்தில் உதடு மாதிரி தடித்து வந்து மூடிக்கொள்கிறதே. அது ஆறுவது இல்லாமல் வேறென்ன? நீங்கள் வார்த்தையில் விளையாடுகிறீர்கள்.

இல்லை. இந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. நம் தோல் கிழிந்தால் அதே இடத்தில் புதுச் செல்கள் வருகின்றன. மரம் பழைய இடத்தைச் சரி செய்வதே இல்லை. அதை அப்படியே மூடி வைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்கிறது. என் மேசையில் வேப்பமரக் குறுக்குவெட்டு ஒன்று இருக்கிறது. மரம் இளசாக இருந்தபோது யாரோ அடித்த ஆணி உள்ளேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆணியிலிருந்து நடுப்பக்கம் நோக்கிக் கருப்பாகக் கறை. அந்தக் கறை ஒரு வளையத்தோடு கோடு போட்டாற்போல நின்றுவிட்டது. அதற்கு வெளியே உள்ள வளையங்கள் எல்லாம் பளிச்சென்று சுத்தம். வெளியிலிருந்து பார்த்தால் ‘ஆறிவிட்டது’ என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். உள்ளே அந்தக் காயம் மரத்தின் ஆயுள் முழுக்க இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு காயமும் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: எங்குமே பூச்சு தேவையில்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா?

முடியாது, நியாயமான கேள்வி. வட அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் பரவும் பகுதிகளில் புது வெட்டுக்கு உடனே பெயிண்ட் பூசச் சொல்கிறார்கள். புதுக் காயத்தின் வாசனைக்கு வரும் வண்டுகள் நோய்ப் பூஞ்சையைக் கொண்டு வருவதால், அங்கே பூச்சு அவற்றைத் தடுக்கிறது.

கேள்வி: காயம்பட்டால் தென்னை, பனைக்கும் இதே தடுப்புச் சுவர்தானா?

இல்லை! இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். அவற்றுக்கு அந்தக் கேம்பியம் கிடையாது. நீரும் உணவும் போகும் நார்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் ஏறுவதற்கு வெட்டிய படி கடைசி வரை மூடாது, அதே நேரம் மேலாக ஒரு வெட்டு விழுந்தால் மரம் செத்தும் போகாது. வேம்பில் சுற்றிலும் பட்டையை உரித்தால் வேர் பட்டினியில் சாகும். இலை உடனே வாடாது, அதனால் உரித்த நாளோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தென்னையின் உயிர் ஒரே குருத்தில் இருக்கிறது. அது போனால் எல்லாம் போயிற்று.

கேள்வி: அரசமரம் இரவில் ஆக்சிஜன் விடுமா?

விடாது. வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் விடாது.

கேள்வி: சில மரங்கள் இரவிலும் விடும் என்று படித்தேனே?

இதையே ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கற்றாழை போன்றவை இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கும். ஆக்சிஜன் வருவது அங்கேயும் பகலில்தான். இத்தோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: தூங்குமூஞ்சி மரம் இருட்டியதைப் பார்த்துத்தான் இலையை மூடுகிறதா?

இருட்டு மட்டும் காரணம் இல்லை. காம்பின் அடியில் இருக்கும் சிறு வீக்கத்தில் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும்போது இலை மடிகிறது. அந்த மாற்றத்துக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. 1729-லேயே பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தாலும் அது பகலில் இலை விரித்து இரவில் மூடுவதைக் கவனித்தார்.

கேள்வி: ரோஜாவில் வெள்ளைப் பூச்சி, என்ன மருந்து?

பூச்சி மருந்து என் துறை இல்லை. தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மரமும் இலை உதிர்க்கிறது...

இரண்டாவது கேள்வியின் பதிலைப் படித்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

கேள்வி: அலையாத்தி சேற்றிலேயே நிற்கிறது. வேருக்குக் காற்று வேண்டும் என்றீர்களே?

அதனால்தான் அது வேரை மேல்நோக்கி அனுப்புகிறது. வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டது போல நூற்றுக்கணக்கில் நிற்பவை மூச்சுவேர்கள். அவற்றின் தோலில் இருக்கும் நுண்துளை வழியே காற்று உள்ளே போய், பஞ்சு போன்ற திசுக்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. மிச்ச உப்பை இலை வழியே வெளியே தள்ளும். காய்ந்த நாளில் இலையை நக்கினால் கரிக்கும்.

கேள்வி: சார், வேம்பின் அடியில் மேடு கட்டி, மேலே சிமெண்டும் போட்டுவிட்டோம். இப்போது உச்சிக்கிளை காய்கிறது.

வேம்புக்கு மூச்சுவேர் கிடையாது. நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள் இருக்கும், இலைப்பரப்புக்கு வெளியேயும் வெகுதூரம் ஓடும். சிமெண்டை உடைத்து எடுங்கள். மண்ணைக் கடப்பாரையால் குத்தாமல் கையாலும் சிறு கரண்டியாலும் விலக்குங்கள். தண்டு அகன்று வேராக விரியும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். காய்ந்த உச்சிக்கிளையை இப்போது தொட வேண்டாம். அடுத்த தளிர் எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் எங்கே வெட்டுவது என்று சொல்கிறேன்.