துரானின் எடை – கடிதம்

வணக்கம் சார்,

எண்பதுகளின் குத்துச்சண்டை பற்றிய உங்கள் கட்டுரையில் பனாமாவின் ரொபெர்ட்டோ துரானை எல்லாக் காலத்துக்குமான முதல் ஐந்து பேரில் ஒருவராக எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் மாவட்ட அளவில் பாக்ஸிங் ஆடியவன். ஒரு கிலோ கூடினாலே எங்கள் கோச் மத்தியான வெயிலில் ஓடவிடுவார். துரானோ ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் தின்று குடித்து ஊதிப்போனவர். அமெரிக்கர் சுகர் ரே லெனார்டுடனான இரண்டாவது சண்டையில் அடி எதுவும் பெரிதாக வாங்காமலே போதும் என்று திரும்பிக்கொண்டார். அப்புறம் 50 வயதுவரை தொப்பையோடு ஆடித் தோற்றார். உடம்பைக் காப்பாற்றத் தெரியாதவரை மேதை என்றால் ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு என்ன மரியாதை?

கே., தூத்துக்குடி

அன்புள்ள கே.,

நீங்கள் ரிங்கில் நின்றவர் என்பதால் நேராகவே பேசலாம். எடை விஷயத்தில் துரானுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அது அவர் தப்புதான். ஆனால் அந்தத் தப்பு அவரிடமிருந்து எதைப் பறித்தது, எதைப் பறிக்க முடியவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதம் இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டது.

முதலில் கணக்கு. 1968-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர், 1980 ஜூன் 20 அன்று மொன்ட்ரியலில் லெனார்டை 15 ரவுண்டில் தோற்கடித்த இரவு வரை 72 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியும் 1972-இல் எஸ்தபான் தே ஹெசூஸிடம், பட்டத்துக்கு அல்லாத சண்டையில். பிறகு அதே ஆளை இரண்டு தடவை நாக் அவுட் செய்தார். அந்த இரவுக்குப் பின் வந்த 21 வருடங்களில் 31 வெற்றி, 15 தோல்வி. 103 வெற்றி, 16 தோல்வி என்று மொத்தமாகப் பார்க்கும்போது இந்த வெட்டுக்கோடு தெரியாது. நீங்கள் பேசுவது பெரும்பாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற துரானைப் பற்றி.

அந்தக் கோடு விழுந்தது மொன்ட்ரியலுக்கும், லெனார்டோடு இரண்டாவது சண்டை நடந்த நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவிலான ஐந்து மாதங்களில். எல் சொரிய்யோ குடிசைப் பகுதியில் பசியோடு வளர்ந்த பையன், அமெரிக்காவின் செல்லப்பிள்ளையை அடித்துவிட்டு பனாமா திரும்பியிருக்கிறார், ஊரே தோளில் தூக்குகிறது. விருந்து, குடி, கூட்டம். நாற்பது ஐம்பது பவுண்டு ஏறிவிட்டதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். அவர் இப்படி ஊதிக் கிடக்கும்போதே மறுபடி ஆட வேண்டும் என்று லெனார்ட் தரப்பு அவசரப்பட்டது, லெனார்டே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். துரானுக்கு 80 லட்சம் டாலர். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். உடம்பு தயாரா என்று யாரும் கேட்கவில்லை, துரானும் உட்பட.

எடை ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்கிறவர்கள் தொப்பையைத்தான் பார்ப்பார்கள். உண்மையான நஷ்டம் சண்டைக்கு முந்தைய பயிற்சி கேம்ப்பில் நடக்கிறது, உங்களுக்கே தெரியும். ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து எதிராளியின் கால் நடைக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டிய வாரங்கள் முழுக்க ஓட்டத்திலும் பட்டினியிலும் போய்விடும். கடைசி நாட்களில் கரைவது கொழுப்பும் இல்லை, தண்ணீர்தான்: நீராவி அறை, ரப்பர் உடை, வாயை நனைக்கக்கூட பயம். ரத்தத்தின் அளவு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது, தசையில் சேர்த்து வைத்த சக்தியும் காலி. அப்போதெல்லாம் எடை பார்ப்பதும் சண்டையும் ஒரே நாளில். இழந்த தண்ணீரைச் சில மணி நேரத்தில் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆனால் எடை பார்த்த கையோடு அவர் ஸ்டேக்கும் மற்றதும் வயிறு முட்டச் சாப்பிட்டார் என்பது பல தடவை எழுதப்பட்ட விஷயம். நடுவில் நிறுத்தியதற்கு வயிற்றுப் பிடிப்புதான் காரணம் என்று அவர் சொன்னதை நான் முழுக்க நம்புவதும் இல்லை, முழுக்கத் தள்ளுவதும் இல்லை. லெனார்ட் இந்தத் தடவை நின்று சண்டை போடாமல் ஆடிக்கொண்டே கேலி செய்தார். அதற்குப் பதில் தேடவேண்டிய கேம்ப் இல்லாமல் வந்தவருக்கு அவமானம் மட்டுமே மிஞ்சியது என்றுதான் நினைக்கிறேன். ஏழு ரவுண்ட் முடிவில் மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளிலும் லெனார்ட் முன்னால் இருந்தது ஓரிரு புள்ளிகள்தான். ஜெயிக்க வாய்ப்பிருந்த ஆட்டம் அது, அதனால்தான் திரும்பிக்கொண்டது எனக்கு இன்னும் வலிக்கிறது. துரானைச் செதுக்கிய பயிற்சியாளர் ரே அர்செல், எண்பது வயதைத் தாண்டிய மனிதர், அத்தோடு விலகிப் போனார்.

அடுத்து 1982: பெனிடெஸிடம் தோல்வி, பிறகு டெட்ராய்ட்டில் கிர்க்லண்ட் லெயிங்கிடம். லெயிங் சண்டைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. துரான் பயிற்சி இல்லாமல் வந்தார், தோற்றார். உங்கள் குற்றச்சாட்டுக்குச் சாட்சி வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுத்துக்கொடுப்பேன்.

ஆனால் ஹெர்ன்ஸிடம் 1984-இல் இரண்டாவது ரவுண்டில் விழுந்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 61.2 கிலோ லைட்வெயிட்டில் உலகத்தை ஆண்ட ஒருவர், தன்னைவிட அரை அடி உயரமான, வலக்கைக் குத்துக்குப் பேர்போன ஹெர்ன்ஸோடு 70 கிலோ அளவில் நின்றார். அது வேறு பிரச்சினை. உடம்பு ஊதுவது ஒன்று, எலும்புக்கு மீறிய பிரிவில் ஆடுவது இன்னொன்று. அதற்குச் சில மாதம் முன்புதான், 1983 நவம்பரில், 72.5 கிலோ மிடில்வெயிட் பிரிவின் அரசனான ஹேக்லரோடு 15 ரவுண்ட் முழுக்க நின்று, 13 ரவுண்ட் வரை இரண்டு அட்டைகளில் முன்னால் இருந்தார். தொப்பைக்காரர் செய்கிற வேலையா அது?

இங்கேதான் நான் மேதை என்று சொன்னதற்கான காரணம் இருக்கிறது. ஒழுங்கான உடம்பு அவரிடம் பாதிக்காலம் இல்லை, சரி. அப்படியிருந்தும் 1989 பிப்ரவரியில், 37 வயதில், அட்லான்டிக் சிட்டியில் ஐரன் பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டம் எடுத்தார். பார்க்லி ஆறடிக்கு மேல், துரான் ஐந்தடி ஏழு அங்குலம். முந்தைய வருடம்தான் ஹெர்ன்ஸை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தவர் இந்த பார்க்லி. 11-வது ரவுண்டில் துரான் அவரைக் கீழே தள்ளினார். வேகமோ மூச்சோ கொண்டு வந்த வெற்றி அல்ல அது. பஞ்ச் வருவதற்கு முன்னாலேயே தோளைப் பார்த்துத் தலையை நாலு அங்குலம் நகர்த்துவது, எதிராளியின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அவன் கைக்கு இடமில்லாமல் செய்வது, பொய்யாக ஒரு அசைவு காட்டி வலக்கையை இறக்குவது. அர்செலும் ஃப்ரெடி பிரவுனும் பழக்கிய இந்த வித்தை எடை இயந்திரத்தில் தெரியாது, பட்டினியிலும் கரையாது.

ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு என்ன மரியாதை என்று கேட்டீர்கள். அதே பிரிவுகளில் ஹேக்லர் இருந்தார், பயிற்சி விஷயத்தில் துறவி. அவரையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறேன். துரானுக்கு இடம் கொடுத்ததால் அவர் இடம் குறையவில்லை. உங்கள் கோச் வெயிலில் ஓடவிட்டதும் சரியான காரியம்தான், துரானுக்கு அப்படி ஒருவர் கடைசிவரை பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இளம் பிள்ளைகளிடம் தண்ணீரைக் கரைக்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினால் தயவுசெய்து தடுங்கள், சிறுநீரகம் மட்டுமல்ல, வறண்ட உடம்போடு தலையில் அடிவாங்குவதும் ஆபத்து.

50 வயதுவரை ஆடியதைப் பற்றி உங்கள் பக்கம்தான் நான். 1998-இல் 47 வயதில் ஜாப்பியிடம் மூன்றாவது ரவுண்டில் நிறுத்தப்பட்ட அந்தச் சண்டையை அனுமதித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 2001-இல் அர்ஜென்டினாவில் ஒரு கார் விபத்துதான் அவரை நிறுத்தியது, அதுவரை நிறுத்த அங்கே ஒரு மனிதரும் இல்லை. அந்தச் சண்டைகளை நீங்கள் பார்க்க வேண்டாம். பார்க்லி சண்டையை மட்டும் பாருங்கள், 11-வது ரவுண்டை வெட்டிப் போட்ட துண்டு வேண்டாம், 12 ரவுண்டும் முழுசாக. ஒவ்வொரு ரவுண்டிலும் துரானின் தலை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள், அதையும் இங்கே போடுகிறேன்.