அடினோவைரஸ் ஸ்ப்ளைசிங் படத்தில் தெரியும் மூன்று வளையங்கள் டிஎன்ஏவா, ஆர்என்ஏவா?

மூன்றுமே டிஎன்ஏ. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. படிப்பதாகச் சொல்லி, "வெட்டி எறிவது ஆர்என்ஏவைத்தானே, வளையம் எப்படி டிஎன்ஏ ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது, அடினோவைரஸின் டிஎன்ஏ இழையோடு ஆர்என்ஏவை ஜோடி சேர்த்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படம். அதில் உள்ள ஆர்என்ஏ, வெட்டி ஒட்டி (இதுதான் ஸ்ப்ளைசிங்) முடிந்த எம்ஆர்என்ஏ. வெட்டி எறியப்படும் பகுதியான இன்ட்ரான் அதில் இல்லவே இல்லை. டிஎன்ஏ இழையில் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது; ஜோடி சேர எதிரில் ஒன்றும் இல்லாததால் வெளியே பிதுங்குகிறது.

நூலில் செய்து பாருங்கள். நெல்லை டவுன் ரத வீதியில் தையல் நூல் கிடைக்காத கடை உண்டா? 100 நியூக்ளியோடைடுக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நூல் 160 செ.மீ.: டிஎன்ஏவின் ஓர் இழை. (முழு ஜீனோம் சுமார் 36,000 ஜோடி, அதற்கு 3.6 மீட்டர் வேண்டும்.) சிவப்பு நூல் 39 செ.மீ.: வைரஸ் உறையின் புரதமான ஹெக்ஸானுக்குரிய எம்ஆர்என்ஏ. சிவப்பின் முதல் 2 செ.மீ.தான் லீடர், அதாவது எம்ஆர்என்ஏவின் தொடக்கமான 5' முனைப் பகுதி; அது மூன்று துண்டு. முதல் துண்டை வெள்ளையின் தொடக்கத்தில் ஒட்டி, வெள்ளையில் 10 செ.மீ. தொங்கவிட்டு இரண்டாவதை ஒட்டுங்கள். 25 செ.மீ. விட்டு மூன்றாவது. பிறகு 88 செ.மீ. விட்டு, 35 செ.மீ. நீளத்துக்கு இரண்டையும் சேர்த்து ஒட்டுங்கள். கடைசியில் 2 செ.மீ. சிவப்பு தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அது பாலி-ஏ வால் (அடினைன்களின் வரிசை), டிஎன்ஏவில் அதற்கு ஜோடி கிடையாது.

லீடர் பகுதிகள் வராத குட்டை டிஎன்ஏ துண்டை எடுத்தால் வளையமே வராது. 5' முனையிலும் ஒரு வால் நீட்டும், அவ்வளவுதான். 1977-இல் ஃபிலிப் ஷார்ப் குழுவுக்கு முதலில் தெரிந்தது அந்த வால்தான். நீளமான துண்டின் ஒற்றை இழையோடு சேர்த்தபோதுதான் மூன்று வளையங்கள் வெளிவந்தன. இரட்டை இழை டிஎன்ஏவில் செய்யும் ஆர்-லூப்பில் ஆர்என்ஏ விலக்கித் தள்ளிய டிஎன்ஏ இழையும் வளையமாகத் தெரியும். அது இன்ட்ரான் இல்லை. விடைத்தாளில் இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போகும்.

ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருந்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் வேறொரு துப்பு கிடைத்தது: வைரஸ் தொற்றின் பிந்தைய கட்ட எம்ஆர்என்ஏக்கள் பலவும் ஒரே 5' முனையோடு தொடங்கின. 1993 நோபல் இந்த இருவருக்கும் போனது. மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்த சூசன் பெர்கெட், லூயிஸ் சௌ பெயர்களையும் விடையில் எழுதுவதே நியாயம்.

ஹெக்ஸானுக்குப் பதில் இன்னொரு உறைப் புரதமான பென்ட்டானின் எம்ஆர்என்ஏவை எடுத்தால் முதல் இரண்டு வளையங்கள் மாறாது. அதன் உடல் (லீடருக்குப் பின் வரும் பெரும்பகுதி) டிஎன்ஏவில் லீடருக்கு இன்னும் அருகில் இருப்பதால் மூன்றாவது வளையம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும்.